நகராததெல்லாம் பாஸ்

காலையில் எழுந்ததும் சுரேந்தர் மோட்டார் போடுவான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்துவான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைப்பான். பால் பொங்குவதற்குள் பல் தேய்த்துவிடுவான். காபி கலப்பான், குடிப்பான், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். சட்டையை இஸ்திரி போடுவான். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பான். மண்ணரை வீட்டில் வண்டியை எடுத்தால் திருப்பூரில் உள்ள அத்தனை சிக்னலிலும் நின்று, வீரபாண்டியில் பனியன் கம்பெனி வாசலில் இறங்குவான். வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார். இவன் தலையாட்டுவான். பிறகு வாசலில் நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்ப்பான்.

மற்ற வேலைகள் எல்லாம் பழையவை. மரத்தைப் பார்ப்பது மட்டும் இந்தக் கோடையில் வந்தது.

அது தூங்குமூஞ்சி மரம். கம்பெனிக்கு முன்னாலிருந்தே அங்கே நிற்கிறது. பெரிய நிழல். முன்பெல்லாம் சாயங்காலம் அதனடியில் அவன் மனைவி நாகஜோதி நிற்பாள். அவள் அதே கம்பெனியில் ஆர்டர் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், இவன் விதிமுறைகளைப் பார்க்கும் கம்ப்ளையன்ஸ். அவள் வேலை நேரத்துக்கு முடியும், இவன் வேலை ஒருநாளும் முடியாது. தாமதமாக வெளியே வருகிறவனைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் போனா என் மேல காக்கா கூடு கட்டிருக்கும்" என்பாள். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பேச்சு. போன ஐப்பசியில் டெங்கு வந்து செத்துப்போனாள். சுரேந்தர் இப்போதும் தாமதமாகத்தான் வெளியே வருகிறான். மரம் நிற்கிறது. யாரோ காத்திருப்பது போல ஒரு வசதி. அதற்கு மேல் அவன் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அவள் இறந்த வாரமே முதலாளி மகுடேஸ்வரன் துடித்துப்போய் ஓர் உத்தரவு போட்டார். கம்பெனி எல்லைக்குள் ஒரு கொசு இருக்கக்கூடாது. மாலை ஷிப்ட் விடுகிற நேரத்தில் புகை மிஷின் கிளம்பும். மாசி வரை, ஒரு நாள் விடாமல், கம்பெனி மொத்தமும் வெள்ளைப் புகைக்குள் மூழ்கி எழுந்தது. தொழிலாளர்கள் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கொசுக்கள் சாக்கடைக்குள் உட்கார்ந்து புகை கலைவதற்காகக் காத்திருந்து, பிறகு வழக்கம்போல் வேலைக்கு வந்தன.

சித்திரையில், மரத்தடியில் நிற்கும் முதலாளியின் வெள்ளைக் கார் கறுத்தது.

"ஏப்பா சுரேந்தரு, நீ அக்ரி படிச்சவன்தான?" காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகுடேஸ்வரன் கேட்டார். "இந்த மரத்துக்கு என்ன கேடுன்னு பாரு. காத்தால தொடைக்கறான், மத்தியானத்துக்குக் கருப்பட்டிப் பாகு ஊத்துன மாதிரி ஆயிருது."

சுரேந்தர் அக்ரி படித்தவன்தான். பூச்சியியலில் நல்ல மார்க் வாங்கிப் பனியன் கம்பெனியில் சேர்ந்தவன். திருப்பூரில் இது அதிசயமில்லை. கட்டடம் கட்டப் படித்தவர் கட்டிங் டேபிளில் நிற்பார், பல் டாக்டருக்குப் படித்தவர் பட்டன் ஏஜென்சி வைத்திருப்பார். சுரேந்தர் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துப் பார்த்தான். குச்சியின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.

"செதில் பூச்சிங்ணா. மரத்துச் சாறைக் குடிச்சிட்டு இனிப்பா ஒழுக விடும். அது மேல கருப்பா பூசணம் புடிக்கும். அதான் கார்ல இருக்கறது."

"பஞ்சு மாதிரியல்லொ இருக்குது?"

"அது முட்டைப் பைங்ணா. அதுவே நூத்துக்கும்."

"பாத்தியாப்பா. நாம நூல் வெல ஏறிப்போச்சுன்னு அழுதுட்டிருக்கறம், இவன் ஓசியில உற்பத்தி பண்றான்." மகுடேஸ்வரனுக்கு ஒரு கணம் மரியாதையே வந்துவிட்டது. "செரி, மருந்தடிச்சுப்போடலாமா?"

"மருந்தடிச்சுத்தாங்ணா வந்துச்சு."

"நாம எங்கப்பா மரத்துக்கு மருந்தடிச்சம்?"

சுரேந்தர் வளைத்த கிளையை விட்டான். சொல்வதற்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். "கொசுப் புகைங்ணா. இந்தச் செதில் முன்னயும் இருந்திருக்கும், கொஞ்சமா. அதைத் திங்கறதுக்குப் பொறிவண்டு இருக்கும், அதுக்குள்ள முட்டை வெக்கறதுக்குச் சின்னக் குளவி இருக்கும். கண்ணுக்கே தெரியாது. புகையில அதெல்லாம் செத்துப்போச்சு. செதில் ஓட்டுக்குள்ள இருக்குதுங்களா, தப்பிச்சிக்குச்சு. இப்பக் கேக்கறதுக்கு ஆளில்ல."

"இந்த எறும்பு? ஏகமா ஓடுதே. அது திங்காதா?"

"எறும்பு திங்காதுங்ணா. அந்த இனிப்பைக் குடிச்சிட்டு, செதிலை வேற எவனும் தொடாமக் காவல் காக்கும்."

"அட, கமிஷன் குடிக்கற நம்ம பையிங் ஏஜெண்டு!" மகுடேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் தொழில் முகமானது. "இப்ப என்ன பண்ணோணும்ங்கற?"

"எதிரியக் கொண்டாந்து விடோணுங்ணா. பொறிவண்டு வளர்த்துக் குடுக்கற எடம் கோயமுத்தூர்ல இருக்குது. விட்டுட்டு நாம சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கறதா?" அந்தச் சொல் அவருக்குப் புரியாத சரக்கு. "செரி. தீபாவளி தாண்டி நம்ம வெளிநாட்டு பையர் ஹெல்கா மேடம் வருது. அதுக்குள்ள ஒட்டறது நிக்கோணும். நிக்கலீன்னா வெட்டிப்போட்டு செட்டு ஒண்ணு போட்டுருவம். காரு நிறுத்தவாவது ஆகும்."

"சரிங்ணா."

அந்த 'சரிங்ணா'வைச் சொல்லிவிட்டு சீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் சுரேந்தருக்குத் தெரிந்தது, தனக்கு அந்த மரம் வேண்டும் என்று. போன ஐப்பசிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் வேண்டியிருந்ததில்லை. சாப்பாடு கூட நேரம் வந்ததால் சாப்பிட்டான். இப்போது ஒன்று வேண்டியிருந்தது. அது அவனுக்கு இடைஞ்சலாக இருந்தது.

கல்லூரித் தோழன் நித்தீஷ் கோயமுத்தூரில் பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சி வளர்த்து, அந்தப் பூச்சி மேல் பொறிவண்டு வளர்க்கிறான். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் இதை விளக்கிச் சொல்லி இரண்டு சம்பந்தத்தை இழந்தவன். கேட்டதும் வளர்க்க ஆரம்பித்து, வெயில் தணிந்த பிறகு டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பினான். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேந்தர் மரத்தில் ஏறிக் கிளைக்குக் கிளை அவற்றை விட்டான். எறும்பு ஏறாமலிருக்க, கட்டிங் வேஸ்ட் துணியில் கிரீஸ் தடவி அடிமரத்தைச் சுற்றிக் கட்டினான்.

வண்டு முட்டை வைத்தது. முட்டையிலிருந்து புழு வந்தது. அந்தப் புழுவைப் பார்த்தால் பொறிவண்டின் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டிருக்கும். செதிலைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு, செதில்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, அவற்றின் முட்டைப் பையைக் கிழித்துத் தின்னும். ஒரே வித்தியாசம், செதில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. புழு நகரும்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு சுரேந்தர் போய்ப் பார்ப்பான். ஒரு புழு ஒரு செதிலைத் தின்று முடிக்கிற வரை நின்று பார்த்தான் ஒருநாள். எதையாவது கடைசி வரை பார்த்து எத்தனை காலமாகிறது என்று தோன்றியது. அடுத்த வாரம் முதலாளி காரின் பானட்டில் கறுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. டிரைவருக்கும் சுரேந்தருக்கும் மட்டும் அது தெரிந்தது.

மரத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரு போர்டு. அதை மாட்டியவள் எச்.ஆர். மோனிஷா.

மோனிஷா நல்ல பெண். நாகஜோதியின் சாவு வீட்டில் உண்மையாகவே அழுதவள். அழுதுகொண்டே சுரேந்தரின் பக்கத்தில் வந்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா சார்?" என்று கேட்டாள். சுரேந்தர் பதில் சொல்லவில்லை. மோனிஷா ஒரு காலி இடத்தைக் காலியாக விட்டுப் பழகாதவள். அந்த வருஷம் வெளிநாட்டு பையர்களுக்குப் போன சஸ்டைனபிளிட்டி ரிப்போர்ட்டில் மரத்தின் போட்டோவும் நாகஜோதியின் போட்டோவும் வந்தன. நடுவில், தமிழிலும் இங்கிலீஷிலும், 'எங்கள் நாகஜோதியின் இறுதி வார்த்தைகள்: மரங்களைக் காப்பாற்றுங்கள், அடுத்த தலைமுறைக்கு நிழல் வேண்டும்.' சுற்றுச்சூழல் தினத்தன்று அதுவே போர்டாக மரத்தில் ஏறியது. நான்கு ஆணி அடித்தார்கள்.

"சார், உங்க கன்சென்ட் கேக்காம போட்டுட்டேன். ஹர்ட் ஆயிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

உண்மையிலேயே இல்லை. அந்தக் கடைசி வார்த்தைக்கு ஏற்கெனவே பல பதிப்புகள் வந்துவிட்டிருந்தன. 'அத்தையைப் பத்திரமாப் பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுத்தான் கண் மூடினாள் என்று சுரேந்தரின் அம்மா பெருமாநல்லூர் முழுக்கச் சொல்லியிருந்தாள். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமல் இருந்த விஷயம் பெருமாநல்லூருக்குத் தெரியாது. நாகஜோதியின் அம்மா கருத்தம்மாவின் கணக்கில் மகள் 'அம்மா' என்று மூன்று தரம் கூப்பிட்டாள். ஒரு சித்தப்பா, அவள் முருகா என்றதாகச் சொன்னார். இவர்களில் யாரும் அப்போது அங்கே இல்லை. இருந்தவன் சுரேந்தர் மட்டும். அவன் யாரையும் திருத்தவில்லை. அவரவருக்கு வேண்டியதை அவரவர் வைத்துக்கொண்டார்கள்.

வருஷத் திதிக்கு சுரேந்தர் லீவு போட்டுவிட்டு ஆண்டிபட்டிக்குப் போனான். கருத்தம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மான்னாளே, மூணு வாட்டி அம்மான்னாளேய்யா" என்று அழுதாள். "ஆமாங்கத்தை" என்றான். கறிச்சாப்பாடு வேண்டாம் என்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். திரும்பி வந்து, வழக்கம்போல் மோட்டார் போட்டு, காபி குடித்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீரபாண்டிக்குப் போனான்.

மரம் முழுக்கச் சிவப்பு அம்புகள்.

செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இவற்றைக் காட்டுவதற்கு ஒட்டுவார்களே, அந்தச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். அடிமரத்தில், கிளையில், இலைக்காம்பில், எட்டிய இடத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. மரத்துக்கு அம்மை போட்டது போலிருந்தது. கீழே ஸ்டூல்கள், ஓர் ஏணி, சோப்புத் தண்ணீர் வாளிகள். செக்கிங் சூப்பர்வைசர் சுப்புலட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளும் தெற்கத்தி ஆள், நாகஜோதி ஊருக்குப் பக்கத்து ஊர்.

"வாங்க தம்பி. காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றாள். "மரத்தப் பாத்தீகளா? ஒரு பூச்சி கெடையாது. மூணு நாளா மொத்த செக்கிங்கும் மரத்துலதான் கெடந்துச்சு."

"யாருக்கா சொன்னா?"

"மொதலாளிதான். மேடம் வருது, மரத்துல பூச்சி இருக்கப்படாது, ஆளப் போட்டுப் பொறுக்குன்னாரு. இந்தக் கம்பெனியில குத்தங்குறை கண்டுபிடிக்க எங்கள விட்டா வேற யாரு இருக்கா?" குரலில் பெருமை. "மொதல்ல ஒரே சண்டை. எது பூச்சி, எது பஞ்சுன்னு தெரியல. எல்லாம் வெள்ளையால்ல இருக்கு? நம்ம நிட்டிங்குல இருந்து பறக்குற பஞ்சுதான் ஒட்டியிருக்குன்னு பாதிப்பேரு. அப்புறம் மோனிஷா மேடந்தான் வந்து ஸ்டாண்டர்டு போட்டுக் குடுத்துச்சு. நகர்ந்தா பூச்சி, அது கிரிட்டிக்கல் டிஃபெக்ட்டு, புடுங்கி வாளியில போடு. நகராட்டி பஞ்சு, பாஸ் பண்ணி விட்ரு."

சுரேந்தர் வாளிக்குள் பார்த்தான். சோப்புத் தண்ணீரில் பொறிவண்டுப் புழுக்கள் வெள்ளையாக மிதந்தன. வண்டுகளும் கிடந்தன. எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்திருந்த, செதில் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் கூட இருந்தன. நல்ல கண்கள் செக்கிங் பெண்களுக்கு. பிறகு கிளையைப் பார்த்தான். செதில்கள் ஒன்று குறையாமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. அடிமரத்தில் கிரீஸ் துணியைக் காணோம். அழுக்கு என்று அவிழ்த்துப் போட்டிருப்பார்கள். எறும்புகள் சாரை சாரையாக மேலே போய்க்கொண்டிருந்தன.

"எறும்பு நகருதேக்கா?"

"எறும்பு எல்லா மரத்துலயும் இருக்கும்ல தம்பி. அது டிஃபெக்ட்டுல வராது."

"இந்த அம்பு?"

"புடுங்குன எடத்துக்கு அடையாளம். ரீ-செக் பண்ணணும்ல."

சுரேந்தர் ஒரு குச்சியை ஒடித்து அவளிடம் காட்டினான். "அக்கா, நீங்க பாஸ் போட்டதுதான் பூச்சி. இது நகராது. ஊசி மாதிரி வாயை மரத்துல குத்திட்டு, ஒரே எடத்துல உக்காந்து, ஆயுசுக்கும் உறிஞ்சும்."

"நம்ம மொதலாளி மச்சான் மாதிரியா?" என்றாள் சுப்புலட்சுமி குரலைத் தாழ்த்தி. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நகர்ந்துச்சே, அது?"

"இதைத் திங்க வந்தது."

சுப்புலட்சுமி வாயில் கை வைத்தாள். "அடியாத்தீ. போலீஸ்காரன எல்லாம் புடிச்சு வாளியில முக்கிட்டு, களவாணிப்பயலுக்குப் பாஸ் போட்டுவிட்டமா?" வாளியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "ஒண்ணு விடலயே தம்பி. நகர்ந்தது ஒண்ணு கூடத் தப்பலயே."

"ஆமாக்கா. குவாலிட்டி நல்லா இருக்குது."

அவன் கோபப்படவில்லை. கோபம் வருகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அண்ணாந்தான். பழக்கம். ஏணி எட்டிய உயரத்தோடு அம்புகள் நின்றுவிட்டிருந்தன. அதற்கு மேலே மரம் மரமாகவே இருந்தது.

"மேல போகலியாக்கா?"

"மேல எப்படித் தம்பி? செக்கிங்குல எல்லாப் பீஸையுமா பாக்குறோம்? நாலு எடத்துல சாம்பிள் பாத்தா லாட்டு பாஸ்தான."

சுரேந்தர் ஏணியில் ஏறி, ஏணி முடிந்த இடத்திலிருந்து கிளையைப் பிடித்து மேலே போனான். அங்கே ஒரு கவட்டையில் வெள்ளையாக ஒன்று இருந்தது. விரலை நீட்டினான். அது நகர்ந்தது. பக்கத்துக் குச்சியில் இன்னொன்று நகர்ந்தது. அதற்கு மேல் கிளையில் ஆரஞ்சுத் தலையோடு ஒரு வண்டு. மேலே ஒரு பட்டாளமே பிழைத்துக் கிடந்தது. நேரம் கொடுத்தால் கீழே இறங்கி வரும். அவ்வளவுதான் வேண்டும், நேரம்.

இறங்கி நேராக முதலாளி அறைக்குப் போனான்.

"இன்னும் ஒட்டுதேப்பா" என்றார் மகுடேஸ்வரன், அவன் வாயைத் திறக்குமுன். "அத்தனை பேரைப் போட்டுப் பொறுக்கியாச்சு. அப்பறமும் ஒட்டுது."

"பொறுக்குனது எதிரியைங்ணா. மேல மிச்சம் இருக்குது. தை மாசம் வரைக்கும் விட்டீங்கன்னா பெருகிக் கீழ வந்துரும்."

"அது பெருகற வரைக்கும் என்ற காரு?"

"காரை வேற எடத்துல நிறுத்தலாங்ணா."

இத்தனை மாதமாக, மருந்து, புகை, வண்டு, செக்கிங் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. காரை நகர்த்துவது என்பது யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றக்கூடாத யோசனை என்பது முதலாளியின் முகத்தில் தெரிந்தது.

"அந்த எடம் எங்கப்பாரு அம்பாசடர் நிறுத்துன எடம்" என்றார் நிதானமாக. "இங்க பாரு கண்ணு. உன்ற மனசு எனக்குத் தெரியாம இல்ல. அந்தப் புள்ளை பேரு அதுல இருக்குது. அதுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தன். மேடம் ரிப்போர்ட்டுல பாத்துப்போட்டு மரத்தைக் காட்டுன்னு மெயில் அனுப்பிருக்குது. இல்லீன்னா இன்னைக்கே வெட்டிருப்பன். நாளைக்கு வருது. பாத்துட்டுப் போகட்டும். நாளான்னைக்கு மரம் வெட்டறவனுக்குச் சொல்லியாச்சு. போர்டை வேணும்னா கேண்டீன்ல மாட்டிக்கலாம்."

சுரேந்தர் வெளியே வந்தான். அன்று சாயங்காலம் அவனுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் போகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வெளியே வந்தான்.

மறுநாள் ஹெல்கா வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, உயரமான ஐரோப்பியப் பெண்மணி. கசங்கிய காட்டன் சட்டை போட்டிருந்தாள். வாழைக்கன்று, மேளம், பூர்ணகும்பம் எல்லாம் தாண்டி, பிரிண்டிங், நிட்டிங், தையல் என்று காட்டியதையெல்லாம் வேகமாகப் பார்த்துவிட்டு, "அந்த மரம்?" என்று கேட்டாள்.

மகுடேஸ்வரன் கோட்டு மேல் கோட்டு போட்டதுபோல் வேர்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். காரைக் காலையிலேயே வேறு இடத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள், படத்தில் விழக்கூடாது என்று.

ஹெல்கா அம்புகளைப் பார்த்து நின்றாள். இவை என்ன என்று கேட்டாள்.

ராத்திரியெல்லாம் உரித்தும் அவை வந்திருக்கவில்லை. திருப்பூர் ஸ்டிக்கர் அப்படி. சுப்புலட்சுமி தரையைப் பார்த்தாள். மோனிஷா ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள். ஒவ்வோர் அம்பும் ஒரு தொழிலாளியின் பிரார்த்தனை என்றாள் இங்கிலீஷில். தாங்கள் இழந்த தோழிக்காக, தங்கள் வேலையில் பயன்படும் பொருளையே காணிக்கையாக ஒட்டியிருக்கிறார்கள்.

ஹெல்கா ஓர் அம்பை விரலால் தொட்டாள். விரல் ஒட்டியது. அதை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இலை மேலிருக்கும் கறுப்பு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் மோனிஷாவிடம் ஒன்று இருந்திருக்கும்.

போர்டைப் படித்தாள். இரண்டாவது தரம் வாயசைத்துப் படித்தாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. இவளுடைய கணவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டாள்.

மோனிஷா சுரேந்தரை முன்னால் தள்ளிவிட்டாள்.

ஹெல்கா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு மகுடேஸ்வரனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அடுத்த வருஷத்துக் குழந்தைகள் உடுப்பு மொத்தமும் இந்த மரத்தின் பேரில் வர வேண்டும். ஒவ்வோர் உடுப்பிலும் தொங்கும் அட்டையில் மரத்தின் படம், அந்தப் பெண்ணின் வார்த்தைகள். தான் ஒவ்வொரு வருஷமும் வந்து மரத்தைப் பார்ப்பாள். வாங்குகிறவர்களுக்கும் மரத்தை வீடியோவில் காட்ட வேண்டும்.

மோனிஷா காதோடு காதாகச் சொல்லச் சொல்ல மகுடேஸ்வரனின் முகம் மாறியது. "ஒவ்வொரு வருஷமுமா?" என்றார். "அப்ப மரம் இருந்தாகோணுமல்லொ?" செல்போனைப் பையிலிருந்து எடுத்தார். மரம் வெட்டுகிறவரின் நம்பரைத் தேடினார்.

ஆனால் ஹெல்கா முடிக்கவில்லை. இங்கிலீஷ் வாசகம் தனக்குப் போதாது என்றாள். கணவர் தன் வாயால், மனைவியின் மொழியிலேயே, அவள் சொன்னபடியே சொல்ல வேண்டும். தான் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவாள், தன்னுடைய ஆட்கள் அதைப் பார்த்தால்தான் நம்புவார்கள். கீழே மொழிபெயர்ப்பு ஓடும்.

மகுடேஸ்வரன் போனைக் காதுக்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தினார்.

"சொல்லு கண்ணு" என்றார். "போர்டுல இருக்கறதுதான். சும்மா படிச்சாப் போதும்."

"சார், ப்ளீஸ்" என்றாள் மோனிஷா சின்னக் குரலில்.

போர்டு கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரே வரி. படித்தால் மரம் நிற்கும். மேலே கவட்டையில் நகர்ந்துகொண்டிருப்பவை பெருகும், இறங்கி வரும், தையில் இலை சுத்தமாகும். சுரேந்தர் வாயைத் திறந்தான். மரங்களைக் காப்பாற்றுங்கள் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. நாகஜோதி எந்தக் காலத்திலும் அப்படிப் பேசியதில்லை. 'அடுத்த தலைமுறை' என்று யாராவது மேடையில் சொன்னால் இவனுடைய விலாவில் இடிப்பாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தலையாட்டியது வேறு. அவள் குரலில் அவனே அதைச் சொல்வது வேறு. அவனால் முடியவில்லை.

ஹெல்கா செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். அன்பான முகம். அந்த முகத்துக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. பக்கத்தில் மோனிஷா நின்றாள். அவன் என்ன சொன்னாலும், கண் இமைக்காமல், அதை அவள் மரங்களைப் பற்றியதாக ஆக்கிவிடுவாள் என்பதில் சுரேந்தருக்குச் சந்தேகமே இல்லை.

போன ஐப்பசி. ஆஸ்பத்திரி வராந்தா. ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோக ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இவன் பக்கத்தில் ஓடுகிறான். கதவு திறக்கிறது. அவள் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் விலக்கி, முன்னால் இழுத்துக்கொண்டு போகும் ஆளைக் கண்ணால் காட்டுகிறாள். கதவு மூடுவதற்கு முன்னால் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

சுரேந்தர் கேமராவைப் பார்த்தான். அவள் ஊர்ப் பேச்சிலேயே, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"அந்தா, அந்த ஆளு போட்டுருக்க டீ-சர்ட்டப் பாருங்க, கழுத்து கோணிக்கிட்டுக் கெடக்கு. நம்ம ரிஜெக்ட்டு பீஸுதான்."